கேய்ரோ: ஒரு முதியோர் இல்லத்தின் தரம் எங்கே இருந்தது

அமெரிக்காவில் அரசுப் பணம் பெறும் மருத்துவப் பராமரிப்பு இல்லத்தில் புதிதாக வந்து சேரும் முதியவரிடம் மூன்று சொற்களைச் சொல்லி, அவற்றைத் திரும்பச் சொல்லும்படி கேட்பார்கள்: காலுறை, நீலம், படுக்கை. அடுத்து, இது எந்த ஆண்டு, என்ன மாதம், இன்று என்ன கிழமை என்ற கேள்விகள் வரும். முடிவில் அந்த மூன்று சொற்களும் நினைவிருக்கின்றனவா என்று மறுபடி கேட்பார்கள். மொத்தம் 15 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் பெற்றவர் தெளிவாக இருக்கிறார் என்று பதிவாகும். 7ஐத் தாண்டாதவருக்கு நினைவாற்றல் கடுமையாகக் குறைந்திருக்கிறது என்று பதிவாகும். அவருக்கான பராமரிப்புத் திட்டத்தை எழுதும்போது முதலில் புரட்டிப் பார்க்கும் தாள்களில் இதுவும் ஒன்று.

கேட்பவரின் மொழி முதியவருக்குத் தெரியாவிட்டால்? அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, எந்த மொழிக்கு என்று அது கேட்கிறது. வேண்டும் என்று குறித்தால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது விதி. ஆனால் இந்தப் படிவம் நிரப்பப்படுவது சேரும்போது ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று அந்த முதியவர் சொல்ல வேண்டியிருப்பது ஒவ்வொரு நாளும் பல முறை. அதில் ஒன்றிரண்டு நள்ளிரவில். அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் இருக்கமாட்டார். இரவுப் பணியில் இருக்கும் உதவியாளர் மட்டும்தான் இருப்பார். முதியோர் இல்லங்களின் தரத்தை அளக்க இன்றுள்ள கருவிகள் பலவும், உள்ளே இருப்பவர் பேசுவார், பேசினால் மற்றவருக்குப் புரியும் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. ஆசிய முதியவர்கள் பலருக்கு அந்தத் தொடக்கமே கிடைப்பதில்லை.

இப்படிப்பட்டவர்கள் எங்கோ ஒருவர் இருவர் அல்லர். 1999 முதல் 2008 வரை அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களைக் கணக்கிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தப் பத்து ஆண்டுக்குள் வெள்ளையின முதியவர்களின் எண்ணிக்கை 10.2 சதவீதம் குறைந்திருந்தது. ஆசிய முதியவர்களின் எண்ணிக்கை 54.1 சதவீதம் கூடியிருந்தது. வசதியுள்ள வெள்ளையர்கள் வீட்டுப் பராமரிப்பையும் உதவியுடன் கூடிய குடியிருப்புகளையும் தேடிப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கட்டில்களில் குடியேறிகளின் பெற்றோர் படுத்தார்கள். ஆசியக் குடும்பங்கள் பெரியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் என்று கொள்கை வகுப்பவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். ஆசியர்களும் தங்களைப் பற்றி அப்படியே சொல்லிக்கொண்டார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், படுத்த படுக்கையான தாயைப் பகலில் யார் திருப்பிப் படுக்கவைப்பது என்ற கேள்வியின் முன்னால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாசம் குறைந்துவிட்டதாக இதைப் படிப்பது அநியாயம்.

சரி, தரத்தை எப்படி அளக்கிறார்கள்? பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் அவெடிஸ் டோனபெடியன் 1966இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். மருத்துவத்தின் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம் என்றார் அவர். என்ன வசதி, எத்தனை ஆட்கள் என்ற அமைப்பு. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற செயல்முறை. அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்ற விளைவு. பராமரிப்பு இல்லங்களில் நடந்த கொடுமைகளை ஆராய்ந்து அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' 1986இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. முதியவர்களைக் கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிவைக்கும் வழக்கம் அதற்குப் பிறகு பெருமளவு ஒழிந்தது. 2008 முதல் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து அரசு இணையத்தில் வெளியிடுகிறது. படுக்கைப் புண், கீழே விழுந்து காயம், எடை இழப்பு, சிறுநீர்க் குழாய், மனநோய் மருந்து, ஒரு நாளைக்கு ஒருவருக்குக் கிடைக்கும் பணியாளர் நேரம் எல்லாம் கணக்கில் வரும். இந்த அளவுகோல்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். படுக்கைப் புண் வந்த உடம்பைக் கழுவியவர்கள் யாரும் அந்த எண்ணை அற்பமாக நினைக்கமாட்டார்கள். அளவுகோல்களின் குறை, அவை எதைத் தொடாமல் விடுகின்றன என்பதில் இருக்கிறது.

வலியை எடுத்துக்கொள்வோம். வலி எவ்வளவு என்று சைபர் முதல் பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வது வழக்கம். பேச இயலாத மறதிநோயாளிகளுக்கென்று 2003இல் வேறொரு முறை வந்தது. மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பிடுவது. நல்ல முறைதான். ஆனால் தேற்றினால் தேறுகிறாரா என்று பார்க்க, முதலில் தேற்றத் தெரிய வேண்டுமே? எந்தச் சொல்லால் தேற்றுவது? முகத்தைச் சுளிக்காமல் பொறுத்துக்கொள்வதே மரியாதை என்று வளர்ந்த ஜப்பானியப் பாட்டி எப்போது கேட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார். கேட்பவரும் அதே வளர்ப்பில் வந்தவராக இருந்தால் அந்தப் பரவாயில்லைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று இன்னொரு முறை கேட்கத் தோன்றும். இல்லாவிட்டால் படிவத்தில் சைபர் விழும்.

மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் கடை நடத்தியவர் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார். இல்லத்தில் அந்த மொழி யாருக்கும் தெரியாவிட்டால், அவர் சொல்வது அர்த்தமற்ற கூச்சலாகத்தான் காதில் விழும். மாலை நேரத்தில் எழுந்து நடந்து, கதவைத் தட்டி, யாரையோ கூப்பிடுகிறார். பிடித்து உட்காரவைக்க வந்தவரைத் தள்ளுகிறார். 'கொந்தளிப்பு' என்று குறிப்பு எழுதப்படும். அடுத்த வாரம் மனநோய் மருந்து தொடங்கலாம். மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. அவர் கேட்டது ஒருவேளை கழிப்பறை. ஒருவேளை பள்ளி விட்டு வரவேண்டிய பிள்ளை. மொழி தெரிந்த ஒரே ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் மாத்திரை தேவைப்பட்டிருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மொழியை உபசரிப்பின் பட்டியலில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். இரத்த அழுத்தக் கருவி இருக்கும் மேசையில் அதற்கும் இடம் உண்டு.

சாப்பாடும் அப்படியே. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அதை அபாயமாகக் குறிக்க வேண்டும் என்கிறது விதி. குறைந்தவுடன் பால் கலந்த சத்துப்பானம் எழுதித் தருவதும் உண்டு. ஆசியர்களில் பெரும்பாலோருக்குப் பாலில் உள்ள சர்க்கரை சிறுவயது கடந்த பின் சரியாகச் செரிப்பதில்லை. வயிறு உப்பும், போக்காகும், எடை இன்னும் இறங்கும். அதே முதியவருக்குக் குழைய வைத்த அரிசிக் கஞ்சியும் ஒரு துண்டு ஊறுகாயும் கொடுத்தால் கிண்ணம் காலியாகிவிடும். குளிர்ந்த நீரைத் தொடாத சீன முதியவருக்கு ஐஸ் போட்ட தண்ணீர்க் குவளை நாள் முழுதும் அப்படியே இருக்கும். நீர்ச்சத்துக் குறைந்ததற்கு மருத்துவக் காரணம் தேடி இரத்தம் எடுப்பார்கள். வெந்நீர் வைத்தால் போதும்.

இதையெல்லாம் புரிந்துகொண்டு ஓர் இல்லம் கட்ட முடியுமா? முடியும். கட்டியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ஜப்பானியர்களின் கேய்ரோ இல்லங்களின் கதை அதற்குச் சாட்சி. கட்டியதை எப்படி இழக்கலாம் என்பதற்கும் அதே கதைதான் சாட்சி.

அந்தக் கதை முதியோர் இல்லத்தில் தொடங்கவில்லை, மருத்துவமனையில் தொடங்குகிறது. 1918இன் இன்ஃபுளுவென்சாக் காலத்தில் ஜப்பானியர்களுக்கு நகரத்து மருத்துவமனைகளில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஐந்து ஜப்பானிய மருத்துவர்கள் சொந்தமாக ஒன்று கட்ட முனைந்தார்கள். குடியுரிமை பெற முடியாத வேற்று நாட்டவர் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டத்தைக் காட்டி மாநில அரசு அவர்களுடைய நிறுவனத்தைப் பதிவுசெய்ய மறுத்தது. மருத்துவர் கிகுவோ தாஷிரோவும் நண்பர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1928இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. மறு ஆண்டு, பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஜப்பானியர் மருத்துவமனை திறந்தது.

அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்ட முதல் தலைமுறையினரின் வாழ்க்கையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நிலம் வாங்கத் தடை. 1952 வரை குடியுரிமைக்குத் தடை. 1935இன் ஓய்வூதியச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியிருந்தது. இவர்களில் பலர் செய்தது பண்ணை வேலை. எஞ்சியிருந்த சேமிப்பையும் 1942 பறித்தது. அந்த ஆண்டு தொடங்கி சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. அறுபதுகளில் அவர்கள் கிழவர்களானார்கள். ஆங்கிலம் அரைகுறை, கையில் காசில்லை, அதிகாரிகளைக் கண்டால் அச்சம். அந்த மனிதர்களைப் பொது முதியோர் இல்லம் ஒன்றில் கொண்டுபோய் விடுவதை அவர்கள் பிள்ளைகளால் ஏற்க முடியவில்லை.

எட்டுப் பேர் முன்வந்தார்கள். ஜார்ஜ் அராதானி, ஃபிரெட் வாடா போன்ற வணிகர்கள் அவர்களில் உண்டு. எட்வின் ஹிரோட்டோ நெடுங்காலம் நிர்வாகத்தை ஏற்று நடத்தினார். 1961இல் அவர்கள் ஒன்றுகூடி, பழைய மருத்துவமனையின் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். ஏழை முதியவர்களின் பராமரிப்புச் செலவை ஏற்கும் மெடிக்கெய்ட் திட்டம் 1965இல் வந்தது. அதன் பிறகே இத்தகைய இல்லத்துக்கு நிலையான வருமானம் என்று ஒன்று சாத்தியமாயிற்று. 1969இல் லிங்கன் ஹைட்ஸில் கேய்ரோ பராமரிப்பு இல்லம் திறந்தது. முதியோரை மதித்தல் என்பது அந்தப் பெயரின் பொருள். எழுபதுகளில் பாயில் ஹைட்ஸில் ஓய்வு இல்லம், இடைநிலைப் பராமரிப்பு இல்லம், பிறகு கார்டினாவில் இன்னொரு பராமரிப்பு இல்லம் என்று வளர்ந்தது. பாயில் ஹைட்ஸ் வளாகம் முன்பு யூத முதியோர் இல்லமாக இருந்த இடம். ஒரு குடியேறிச் சமூகம் வளர்ந்து வெளியேறியபோது இன்னொன்று உள்ளே வந்தது.

கட்டடம், உரிமம், கட்டில் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் கேய்ரோ மற்ற இல்லங்களைப் போன்றதுதான். வேறுபாடு ஒரு சாதாரண நாளின் உள்ளே இருந்தது. ஜப்பானிய மொழி பேசுவோர் பணியில் இருந்தார்கள். காலையில் மிசோ சூப்பும் அரிசியும் வந்தன. புத்தாண்டும் ஓபோன் திருநாளும் கொண்டாடப்பட்டன. தேவாலயத்தினர், புத்தக் கோயிலினர், பள்ளிப் பிள்ளைகள் என்று தன்னார்வலர்கள் வந்து போனார்கள். இந்தத் தன்னார்வலர்களை வெறும் அலங்காரமாக நினைத்தால் விஷயம் பிடிபடாது. வெளியிலிருந்து ஆட்கள் தினமும் வந்துபோகும் இல்லத்தில் அழுக்கான படுக்கைவிரிப்பு அதிக நேரம் கிடக்காது. மணி அடித்தும் யாரும் வராத அறையைப் பக்கத்து அறைக்கு வந்தவர் பார்த்துவிடுவார். அரசின் ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறார். தன் அத்தையைப் பார்க்க வரும் பெண் வாரம் மூன்று முறை வருகிறாள். போகிற வழியில் பக்கத்துக் கட்டில் பாட்டியையும் பார்க்கிறாள், ஏனென்றால் அந்தப் பாட்டி ஒரு காலத்தில் அவளுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியை. இந்தக் கண்காணிப்புக்கு எந்த அரசும் நட்சத்திரம் கொடுப்பதில்லை. கேய்ரோவின் தரம் பெருமளவு இங்கேதான் இருந்தது என்பது என் முடிவு.

2014இல் கேய்ரோவின் நிர்வாகக் குழு நான்கு இல்லங்களையும் விற்க முடிவெடுத்ததாகத் தெரியவந்தது. மருத்துவச் செலவை அரசு ஈடுசெய்யும் முறை மாறுகிறது, முதியவர்கள் வீட்டிலேயே இருக்க விரும்புகிறார்கள், இலாப நோக்கற்ற சிறு நிறுவனம் தாக்குப்பிடிக்காது, விற்ற பணத்தை வைத்து இன்னும் பலருக்கு உதவலாம் என்பது அவர்கள் தரப்பு. முதல் பேரம் கைகூடவில்லை. சான் டியேகோவைச் சேர்ந்த பசிஃபிகா என்ற நிலவணிக நிறுவனத்துடன் 4.1 கோடி டாலருக்கு அடுத்த ஒப்பந்தம் அமைந்தது. இலாப நோக்கற்ற இல்லத்தை விற்க மாநில அரசு வழக்குரைஞரின் ஒப்புதல் வேண்டும். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் கமலா ஹாரிஸ். 2015இல் நிபந்தனைகளுடன் ஒப்புதல் தந்தார். ஜப்பானிய உணவும் மொழியும் கலாச்சார நிகழ்ச்சிகளும் ஐந்து ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. சமூகத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பொது விசாரணை வையுங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் போயின. 2016 பிப்ரவரியில் விற்பனை முடிந்தது. பராமரிப்பு இல்லங்களின் பெயர் கேய்-ஐ ஆயிற்று.

இந்த ஐந்து ஆண்டு நிபந்தனையை யோசிக்க யோசிக்க மனம் ஆறவில்லை. தொண்ணூறு வயதுக்காரருக்கு ஐந்து ஆண்டு நீண்ட காலம் என்று கணக்கிட்டிருப்பார்களோ? எண்பது வயதில் சேர்ந்தவருக்கு அது நாள் குறித்துத் தந்த கலாச்சாரம். 2021இல் அந்தக் கெடு முடிந்தது. 90 கட்டில் கொண்ட இடைநிலைப் பராமரிப்பு இல்லத்தை மூடி அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றும் திட்டம் உடனே வந்தது. அங்கே இருந்தவர்களில் சிறுவயதில் முள்வேலி முகாமில் இருந்தவர்களும் உண்டு. மூட்டை கட்டு என்ற உத்தரவு அவர்கள் வாழ்நாளில் இரண்டாவது முறையாக வந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பதாகைகளோடு தெருவில் நின்றார்கள்.

இடையில் கொரோனா வந்தது. லிங்கன் ஹைட்ஸ் இல்லத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கலிபோர்னியப் பராமரிப்பு இல்லங்களில் மிக அதிகமான மரண எண்ணிக்கைகளில் அது ஒன்று. இந்த எண்ணைக் கையாளும்போது கவனம் வேண்டும். 300 கட்டில் கொண்ட பெரிய இல்லம் அது. மருத்துவமனைகளிலிருந்து அனுப்பப்பட்ட கொரோனா நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. பழைய நிர்வாகம் இருந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். வெளியாட்கள் வரக் கூடாது என்று 2020 மார்ச்சில் கதவு சாத்தப்பட்டபோது, அத்தையைப் பார்க்க வந்த பெண்ணும், கஞ்சி ஊட்டிய மகனும், கோயில் தன்னார்வலரும் ஒரே நாளில் வெளியே போய்விட்டார்கள். அவர்கள் சம்பளமில்லாமல் செய்துவந்த மொழிபெயர்ப்பும் ஊட்டலும் கண்காணிப்பும் அவர்களோடு போயின. நாடு முழுவதும் ஆசிய முதியவர்கள் அன்று எத்தனை ஆயிரம் அறைகளில் பேச்சுத் துணையின்றிக் கிடந்தார்கள் என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

உள்ளே இருந்த பணியாளர்களைப் பற்றியும் ஒரு சொல். கலிபோர்னியப் பராமரிப்பு இல்லங்களில் உடம்பு துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிடுபவர்களில் பிலிப்பினோக்களும் லத்தீன் அமெரிக்கப் பெண்களும் ஏராளம். அமெரிக்கச் செவிலியர்களில் பிலிப்பினோக்கள் 4 சதவீதம்தான். 2020 செப்டம்பர் வரை கொரோனாவில் இறந்த செவிலியர்களிலோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிலிப்பினோ என்று செவிலியர் சங்கம் கணக்கெடுத்தது. ஆசிய முதியவர்களுக்கான பராமரிப்பின் தரத்தைப் பேசும் ஆய்வுகள் கட்டிலில் கிடப்பவரை மட்டுமே ஆசியராகப் பார்க்கின்றன. கட்டிலின் ஓரத்தில் நிற்பவளும் ஆசியக்காரி. அவளுக்கும் மணிலாவிலோ இலோய்லோவிலோ வயதான தாய் இருக்கிறாள். அவளுடைய சம்பளம் உயராமல், ஒரு பணிநேரத்தில் அவள் கவனிக்க வேண்டிய ஆட்கள் குறையாமல், மிசோ சூப்பால் மட்டும் தரம் வந்துவிடாது.

இங்கேதான் பணத்தின் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் முதியவர்களுக்கான மெடிகேர் காப்பீடு, மருத்துவமனையிலிருந்து வந்தபின் அதிகபட்சம் 100 நாள் பராமரிப்புக்குத்தான் பணம் தரும். ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் கையிருப்பைக் கரைத்துவிட்டு மெடிக்கெய்டுக்கு வருகிறார்கள். இல்லங்களில் இருப்போரில் பத்துக்கு ஆறு பேர் அந்தத் திட்டத்தை நம்பியிருப்பவர்கள். மெடிகேர் தரும் தொகையைவிட மெடிக்கெய்ட் தருவது மிகக் குறைவு. ஆகவே குறுகிய காலம் தங்கிப்போகும் அறுவைசிகிச்சை நோயாளிகளை இழுக்கும் இல்லங்கள் செழிக்கின்றன. ஏழைகளும் நெடுநாள் நோயாளிகளும் நிறைந்த இல்லங்கள் ஆள் குறைத்துத் தள்ளாடுகின்றன. வின்சென்ட் மோரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் இதை ஈரடுக்கு அமைப்பு என்று எடுத்துக்காட்டினார்கள். கறுப்பின முதியவர்கள் கீழ் அடுக்கில் குவிந்திருப்பதை அவர்கள் ஆய்வுகள் காட்டின. ஒரு சமூகத்துக்கென்றே நடக்கும் இலாபமற்ற இல்லம் இயல்பாகவே நெடுநாள் தங்குவோரை ஏற்கிறது. அதுவே அதன் நோக்கம். நோக்கமே அதை நட்டத்தில் தள்ளுகிறது. சியாட்டிலில் ஜப்பானியர்கள் 1976இல் தொடங்கிய கேய்ரோ இல்லம் 150 கட்டில்வரை வளர்ந்தும் 2019இல் மூடப்பட்டது. அதே நகரில் சீனச் சமூகத்தின் கின் ஒன், பாஸ்டன் பகுதியில் சவுத் கோவ் மேனர் போன்றவை இன்றும் நிற்கின்றன. நன்கொடையும் தன்னார்வமும் சேர்ந்து தாங்குவதால் நிற்கின்றன. ஆள் பற்றாக்குறைக்கு மத்திய அரசு 2024இல் ஒரு விடை சொன்னது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேரப் பராமரிப்பு என்று விதி வகுத்தது. இல்லங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2025இல் டெக்சாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது.

இல்லமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் பல் மருத்துவர் வில்லியம் ஜீயும் சமூகப் பணியாளர் மேரி லூயிஸ் அன்சாக்கும் முதியோருக்கு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார்கள். பராமரிப்பு இல்லம் கட்டினால் செலவு தாங்காது, அந்த மக்களும் அதை விரும்பமாட்டார்கள் என்று தெரிந்தது. 1973இல் ஆன் லோக் பகல்நேர நிலையத்தைத் திறந்தார்கள். காலையில் வண்டி அனுப்பி அழைத்துவருவது, மருத்துவம், உடற்பயிற்சி, மதிய உணவு, குளியல் எல்லாம் முடித்து மாலையில் வீட்டில் கொண்டுபோய் விடுவது. மருத்துவர் முதல் வண்டி ஓட்டுநர் வரை ஒரே குழுவாக உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். பாட்டி இன்று படியேறத் திணறினார் என்று ஓட்டுநர் சொல்வதும் மருத்துவத் தகவலாகும். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் மொத்தத் தொகை வருவதால், எதற்குச் செலவிடுவது என்பதைக் குழுவே தீர்மானிக்கும். 1997இல் மத்தியச் சட்டம் இதை நிரந்தரத் திட்டமாக்கியது. இன்று பல மாநிலங்களில் நடக்கிறது. சைனாடவுனின் கான்டனீஸ் பாட்டிகளுக்காகக் கண்டுபிடித்த வழி எல்லா அமெரிக்கர்களுக்கும் பயன்படுகிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனாலும் இரவு முழுதும் ஆள் தேவைப்படும் கட்டம் ஒன்று வரும். அப்போது இல்லம் வேண்டும்.

அந்த இல்லத்தில் சேர்க்கப் போகும் குடும்பம் அரசின் இணையதளத்தில் நட்சத்திரங்களைப் பார்க்கலாம், அபராத விவரம் பார்க்கலாம். இரவுப் பணியில் தங்கள் தாயின் மொழி பேசும் ஒருவராவது இருக்கிறாரா என்பதைப் பார்க்க முடியாது. இது தெரிந்துகொள்ள முடியாத விவரம் அன்று. பணியாளர் நேரத்தை முன்பு இல்லங்களே சொல்லிக்கொண்டிருந்தன; 2016 முதல் சம்பளப் பட்டியலிலிருந்து நேரடியாக எடுக்கத் தொடங்கினார்கள். வார இறுதியில் ஆட்கள் எப்படிக் குறைகிறார்கள் என்பது அதன் பிறகு வெட்டவெளிச்சமாயிற்று. அதே பட்டியலில் ஒவ்வொருவரும் பேசும் மொழி என்று ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். வசிப்பவர்களின் மொழி ஏற்கெனவே மதிப்பீட்டுப் படிவத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த இல்லத்தில் எந்தப் பணிநேரத்தில் எத்தனை பேர் பேச ஆளின்றி இருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். விற்பனைக்கு விதிக்கும் நிபந்தனையும் ஐந்து ஆண்டுக்கு என்று இல்லாமல், விற்கும் நாளில் அங்கே வசிக்கும் கடைசி மனிதர் இருக்கும்வரை என்று இருந்தாக வேண்டும்.

வடக்கே, டொரோண்டோவில் நிலைமை சற்று மேல். அங்கும் நெருக்கடி உண்டு. குடும்ப மருத்துவர் ஜோசப் வோங் முன்னெடுத்த யீ ஹோங் நிலையம் 1994இல் ஸ்கார்பரோவில் 90 கட்டிலுடன் தொடங்கி, பிறகு நான்கு இல்லங்களில் 805 கட்டிலாக வளர்ந்தது. சீனர்களுக்கென்று தொடங்கினாலும் பிறகு ஜப்பானியர், பிலிப்பினோக்கள், தெற்காசியர் ஆகியோருக்கும் இடம் விரிந்தது. அங்கே சேரக் காத்திருப்பு பல ஆண்டுகள் நீளும். காத்திருக்கும்போதே இறந்துபோகிறவர்கள் உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 மணி நேர நேரடிப் பராமரிப்பு என்பதை ஒன்டாரியோ சட்டத்திலேயே இலக்காக வைத்தது. அது பாராட்டத்தக்கது. ஆனால் அதே மாநிலம் 2022இல் இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. மருத்துவமனைக் கட்டிலில் காத்திருக்கும் முதியவரை, அவர் தேர்ந்தெடுக்காத இல்லத்துக்கும் அனுப்ப அது வழிசெய்கிறது. தெற்கு ஒன்டாரியோவில் 70 கிலோமீட்டர் வரை அனுப்பலாம். போக மறுத்தால் நாளுக்கு 400 டாலர் கட்டணம்.

1983க்குப் பிறகு அகதிகளாக வந்து ஸ்கார்பரோவிலும் சுற்றிலும் வேரூன்றிய ஈழத்தமிழர்களில் அன்று முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று எழுபதுகளைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறை, பிள்ளைகள் கூப்பிட்டு வந்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும், பெரும்பாலும் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து போய்ச் சேர்ந்தார்கள். இனி அப்படி இருக்காது. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் ஒரு தமிழ் அம்மாவுக்கு, தமிழ் பேசுவோர் உள்ள இல்லத்தில் இடம் கிடைக்கும்வரை பொறுத்திருக்க நாளுக்கு 400 டாலர் வேண்டும். கட்ட முடியாத மகன் கையெழுத்துப் போடுவான். 70 கிலோமீட்டர் என்றால் பனிக்காலத்தில் ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். வாரம் மூன்று முறை வரவேண்டியவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான்.